போக்சோ கேஸ்ல இழப்பீடு: கோர்ட்ல கேக்கறதா, சட்ட உதவி ஆபீஸ்ல கேக்கறதா, "பேசி முடிச்சிக்கலாம்"னு வர்ற காச வாங்குறதா?

போக்சோன்னா பிள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம். அந்த கேஸ்ல தண்டனை கிடைச்சாதான் இழப்பீடுன்னு நம்ம ஊர்ல நெறய குடும்பங்க நம்பிட்டு இருக்காங்க. அப்படி காத்திருந்து காத்திருந்து வருஷம் ஓடிடுது, அதுக்குள்ள பிள்ளைக்கு கவுன்சிலிங் நின்னுடும், ஸ்கூல் மாத்த வேண்டி வரும், அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வேலையே போயிருக்கும். சட்டம் அப்படி காத்திருக்க சொல்லவே இல்ல. அதனால இருக்கற வழிங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம்.

முதல்ல போக்சோ ஸ்பெஷல் கோர்ட். 2020 போக்சோ விதிகள்ல 9-வது விதி இருக்கு, எஃப்ஐஆர் போட்டதுக்கு அப்பறம் எந்த கட்டத்துல வேணும்னாலும் இடைக்கால இழப்பீடு, அதாவது கேஸ் முடியறதுக்கு முன்னாடியே தர்ற தொகை, கேக்கலாம், நீதிபதி தானாவும் உத்தரவு போடலாம். குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை ஆனாலும் சரி, ஆளு யாருன்னே கண்டுபிடிக்க முடியலன்னாலும் சரி, பிள்ளைக்கு பாதிப்பு நடந்திருக்குன்னு கோர்ட்டுக்கு தோணுச்சுன்னா இழப்பீடு கொடுக்க சொல்லலாம். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மாநில அரசு கொடுக்கணும். எவ்வளவுன்னு முடிவு பண்றப்போ வைத்திய செலவு, படிப்பு கெட்டது, ஒரு தடவ நடந்ததா தொடர்ந்து நடந்ததா, செஞ்சவன் குடும்பத்துக்கு என்ன உறவு, குடும்பத்தோட பண நிலைமை இதெல்லாம் பாக்கணும். "தானா போடலாம்"னு இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க, மனு போடாத குடும்பத்த கட்டு கட்டா ஃபைல் கிடக்கற கோர்ட்ல யாரும் தேடிட்டு வர மாட்டாங்க.

அடுத்தது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, அதாவது சட்ட உதவி ஆபீஸ், பெரும்பாலும் கோர்ட் வளாகத்துக்குள்ளயே ஆபீஸ் இருக்கும். 2018-ல தேசிய சட்டப்பணிகள் ஆணையம் பாதிக்கப்பட்ட பெண்களுக்குன்னு ஒரு இழப்பீட்டு திட்டம் கொண்டு வந்துச்சு, அதுல பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சத்துலருந்து 7 லட்சம் வரைக்கும், கூட்டு வன்கொடுமைக்கு 5-லருந்து 10 லட்சம், பாதிக்கப்பட்டவங்க 18 வயசுக்கு கீழன்னா அதுக்கு மேல 50 சதவீதம் கூட. அதே வருஷம் சுப்ரீம் கோர்ட், மத்திய அரசு விதி கொண்டு வர்ற வரைக்கும் போக்சோ கோர்ட்டுகளும் இதையே வழிகாட்டியா வச்சிக்கணும்னு சொல்லிடுச்சு, பையனா இருந்தாலும் பொருந்தும்னும் சேத்து சொல்லுச்சு. இந்த திட்டத்துல ரெண்டு விஷயம் மனசுல வச்சிக்கணும். ஒண்ணு, சம்பவம் நடந்தோ இல்ல கோர்ட் விசாரணை முடிஞ்சோ 3 வருஷத்துக்குள்ள கேக்கணும், லேட் ஆச்சுன்னா காரணம் காட்டணும். ரெண்டாவது, மைனர்னா 80 சதவீதம் ஃபிக்சட் டெபாசிட்ல போயிடும், படிப்பு வைத்தியம்னு காரணம் சொல்லி மனு கொடுத்தாதான் நடுவுல எடுக்க முடியும். காசு பிள்ளை பேர்ல பத்திரமா இருக்கறது நல்லதுதான், ஆனா இன்னைக்கே செலவு இருக்கற வீட்டுக்கு இது கஷ்டம்.

இந்த ரெண்டும் ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு போச்சுன்னு இல்ல, விதியிலயே வேற திட்டத்துல நிவாரணம் கேக்க தடை இல்லன்னு எழுதியிருக்கு. ஆனா எத முதல்ல பண்றதுன்னு கேட்டீங்கன்னா நான் கோர்ட் மனுவ தான் சொல்லுவேன், ஏன்னா அந்த கேஸ் கட்டு ஏற்கனவே அந்த நீதிபதி மேசையில இருக்கு, அதோட 30 நாள் கெடு இருக்கு. சாப்பாடு, துணி, பஸ் செலவுக்கே வழி இல்லன்னா அதுக்கு முன்னாடியே குழந்தைகள் நலக்குழுகிட்ட (பிள்ளைங்க பாதுகாப்புக்காக மாவட்டத்துல அரசு வச்சிருக்கற குழு) போங்க, அவங்க பரிந்துரை பண்ணா ஒரு வாரத்துக்குள்ள அவசர உதவி கொடுக்கணும்னு 8-வது விதி சொல்லுது.

வன்கொடுமை கேஸ் தீர்ப்புல குற்றவாளிக்கு போடற அபராதம் பிள்ளைக்குத்தான் போகணும்னு சட்டம் இருக்கு, ஆனா அவன் அப்பீல் போனா அது முடியற வரைக்கும் அந்த காசு வராது. அத நம்பி எந்த கணக்கும் போடாதீங்க. சிவில் கேஸ், அதாவது செஞ்சவன்கிட்ட நஷ்டஈடு கேட்டு போடற தனி வழக்கு, இன்னும் தூரம், தமிழ்நாட்டுல கேக்கற தொகையில 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் முன்னாடியே கட்டணும், பிள்ளைக்கு 21 வயசு தாண்டிட்டா காலக்கெடுவும் போயிடும்.

இப்ப எனக்கு கோவம் வர்ற வழிக்கு வரேன். ஊர் பெரியவங்க, சொந்தக்காரங்க, சில நேரம் ஸ்கூல் ஆளுங்களே வந்து "பொண்ணு பேரு கெட்டுடும், ஒரு தொகை வாங்கி தரோம், கேஸ வாபஸ் வாங்கிடுங்க"ம்பாங்க. உடனே கையில காசு வர்ற ஒரே வழி இதுதான்னு தோணும், அதனாலதான் கஷ்டப்படற குடும்பம் இதுல விழுது, அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா போக்சோ கேஸ் சமாதானம் பேசி முடிக்கற கேஸ் கிடையாது. ராஜஸ்தான்ல ஒரு ஆசிரியர் மேல இருந்த கேஸ, குடும்பத்தோட சமரசம் ஆயிடுச்சுன்னு ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி கேஸ திரும்ப நடத்த சொல்லிடுச்சு. "காசுக்காகத்தான் கேஸ் போட்டாங்க"ன்னு எதிர்தரப்பு வக்கீல் சொல்லிடுவாரோன்னு பயந்து சில பேர் அரசாங்க இழப்பீட்ட கூட கேக்காம விடறாங்க, அந்த காச கொடுக்கறது அரசாங்கம், குற்றம் சாட்டப்பட்டவன் இல்ல, அத கேக்கறது பிள்ளையோட உரிமை. அந்த பேச்சுக்கு இடம் கொடுக்கறது அவன்கிட்டருந்து வாங்கற காசு தான்.

சின்ன வயசுல நடந்தத பெரியவங்களா ஆனப்பறம் சொல்றவங்க நிலைமை தான் ரொம்ப மோசம். போக்சோ 2012 நவம்பர் 14 அன்னைக்கு தான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) தான். வன்கொடுமைக்கு காலக்கெடு இல்ல, ஆனா தொடுதல் மாதிரியானதுக்கு அப்போ தண்டனை ரெண்டு வருஷம் தான்ங்கறதால புகாருக்கு 3 வருஷ கெடு, அத தள்ளுபடி பண்ண சொல்லி கோர்ட்ட கேக்கலாம். பேசவே இருபது வருஷம் ஆகற விஷயத்துக்கு மூணு வருஷ கெடுன்னா அது எவ்வளவு பெரிய கொடுமை.

வக்கீல் விஷயம். கேஸ நடத்தறது அரசு வழக்கறிஞர், அவர் அரசாங்கத்தோட வக்கீல், பிள்ளைக்கு தனி வக்கீல் வச்சிக்க போக்சோ 40-வது பிரிவு உரிமை கொடுக்குது. வசதி இல்லன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா தரணும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, 15100-க்கு போன் பண்ணா போதும். இலவச வக்கீல்ல ரொம்ப அக்கறையானவங்களும் உண்டு, ஒரு வாய்தாவுக்கும் வராதவங்களும் உண்டு, சரியில்லன்னா மாத்த சொல்லி எழுதி கொடுங்க. பிரைவேட் வக்கீல்னா, வர்ற இழப்பீட்டுல இத்தன பங்குன்னு கேட்டா அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க, அப்படி பங்கு பேச வக்கீலுக்கு அனுமதியே இல்ல. யார வச்சாலும் முதல் சந்திப்புலயே "9-வது விதி மனு எந்த தேதியில போடுவீங்க"ன்னு கேளுங்க. போறப்போ கவுன்சிலிங் பில்லு, மாத்திரை சீட்டு, ஸ்கூல் டிசி, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க.