குழந்தைகள் வார்டில் வேலை பார்க்க எதைப் படிப்பது? மும்பையிலிருந்து ஓர் ஒப்பீடு

சயான் கோலிவாடாவில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் பெண் இந்த வருடம் பி.ஏ. உளவியல் முடிக்கிறாள். போன ஞாயிறு இட்லி மாவு வாங்க வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எனக்கு ஆஸ்பத்திரியில குழந்தைங்க கூட இருக்கிற வேலை வேணும். டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. ஊசின்னு பயப்படுற பிள்ளை பக்கத்துல இருக்கிற ஆள். அதுக்கு என்ன படிக்கணும்?"

மும்பை மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். அதில் எட்டு வருடம் குழந்தைகள் வார்டு. ஆனாலும் அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்ட வேலைக்கு அமெரிக்காவில் 'சைல்ட் லைஃப்' என்று தனிப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. இங்கே அதே வேலை நாலு பேர் கையில் பிரிந்து கிடக்கிறது. எதைப் படித்தால் எந்தப் பங்கு நம் கைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

ஒரு பையன், ஒரு நாள்

தாராவியிலிருந்து வரும் ஐந்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை. வைத்தியம் இரண்டு முதல் மூன்று வருடம் ஓடும். நடுநடுவே முதுகுத்தண்டில் ஊசி வழியாகக் கீமோ கொடுப்பார்கள். அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் காலை வியாபாரம் போய்விடும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். மூன்று வயதுத் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு பொம்மையின் முதுகில் பஞ்சால் துடைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சை அவன் கையிலேயே கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். "இறால் மாதிரி சுருண்டு படுக்கணும். முதல்ல ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் ஒரு குத்து. கத்தணும்னா கத்திக்கோ, முதுகை மட்டும் அசைக்காதே" என்று அவன் அளவுக்குச் சொல்ல வேண்டும். ஊசி இறங்கும்போது தலைமாட்டில் ஒரே ஒரு குரல் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் நாலு பக்கமும் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று கத்தினால் பிள்ளை இன்னும் மிரளும். அம்மா எங்கே நிற்பது, அவன் எந்தக் கையைப் பிடிப்பது என்பதைக்கூட முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அதே நேரத்தில் வெளியே அப்பா கவுன்ட்டரில் நிற்கிறார். ரேஷன் கார்டில் பையனின் பெயர் இல்லை. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் பூலே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும், மீதிக்கு எந்த அறக்கட்டளைக்கு எழுதுவது என்று யாராவது கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து இன்னொன்று வருகிறது. பையன் பேச்சைக் குறைத்துவிட்டான், ராத்திரி படுக்கையை நனைக்கிறான். இது பயமா, மருந்தின் விளைவா, வைத்தியம் தேவைப்படும் மனக் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கு விளையாட்டும் பாடமும் இல்லாமல் வளர்ச்சி தேங்கும். அது தனி வேலை.

பிள்ளையை ஊசிக்குத் தயார் செய்யும் முதல் வேலை சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட்டுடையது. இரண்டாவது என் வேலை. மூன்றாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பார்ப்பது. நான்காவது மனித வளர்ச்சியியல் படித்தவர்கள் பார்ப்பது.

சைல்ட் லைஃப்: பயிற்சி அருமை, வழி தூரம்

இந்தத் துறையின் வேர் பழையது. அமெரிக்காவின் மிச்சிகனில் மாட் குழந்தைகள் மருத்துவமனையில் 1922-லேயே விளையாட்டுக்கென்று திட்டம் தொடங்கினார்கள். 1955-ல் கிளீவ்லாண்டில் எம்மா பிளாங்க் இதை முழு நேரத் துறையாக வளர்த்தார். பெற்றோரைப் பார்வை நேரத்துக்கு மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரிட்டனில் 1959-ல் வந்த பிளாட் அறிக்கைதான், குழந்தையோடு தாயும் தங்கலாம், நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று அழுத்திச் சொன்னது. நம் ஊரில் அம்மா எப்போதும் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். அந்த விதத்தில் நாம் பாக்கியசாலிகள்.

அமெரிக்காவில் சைல்ட் லைஃப் சான்றிதழ் பெற ஏதாவது ஒரு பட்டம் இருக்க வேண்டும். குழந்தை வளர்ச்சி, குடும்பம், விளையாட்டு, இழப்பும் துக்கமும் என்று 10 பாடங்கள் முடிக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி; அதற்குப் பிறகு தேர்வு. நான் பார்த்த பாடத்திட்டங்களில் வார்டில் பிள்ளையின் பக்கத்தில் நிற்பதற்கு இவ்வளவு நேராகத் தயார் செய்வது வேறெதுவும் இல்லை. உடன்பிறந்த பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பதுகூட அதில் பாடம். அந்த மூன்று வயதுத் தங்கையை எங்கள் பாடத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 600 மணி நேரம்தான் சிக்கல். இங்கே அந்தச் சான்றிதழ் பெற்றவர் கிடைப்பது அபூர்வம் என்பதால் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய்த்தான் முடிக்க வேண்டியிருக்கும். அங்கேயும் பயிற்சி இடங்களுக்குப் பலத்த போட்டி. கடன் வாங்கிப் போய், படித்துத் திரும்பி வந்தால் இங்கே அந்தப் பெயரில் பதவி இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறார். சைல்ட் லைஃப் இல்லை. வெளிநாட்டிலேயே வாழ்வது என்று வீட்டில் முடிவாகியிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. திரும்பி வரும் எண்ணம் இருந்தால் முதல் படியாக இதை எடுக்க வேண்டாம் என்பேன்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை): வார்டுக்குள் போக நேர்வழி

இதில் எனக்குப் பட்சபாதம் உண்டு, மறைக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1946-ல் இந்த ஊர் ஜே.ஜே. மருத்துவமனையில்தான் நாட்டின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1936-ல், சமூகப்பணிக்கான முதல் பட்டமேற்படிப்புப் பள்ளி இங்கேதான் தொடங்கியது. அதுதான் இன்று தியோனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், எல்லோரும் டிஸ் என்று சொல்வது. 1955-ல் வந்த நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியும் நல்ல பெயர் எடுத்தது. பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பதவி பழக்கமானது. "எம்.எஸ்.டபிள்யூ. மேடம் எங்கே?" என்று வார்டில் உதவிக்கு இருக்கும் மௌசியிடம் கேட்டால்கூட வழி காட்டுவார்.

இரண்டு வருடப் படிப்பு, எந்தப் பட்டத்தோடும் சேரலாம். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அதை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிவிட்டால் படிக்கும்போதே வார்டு பழகிவிடும். அரசுத் திட்டங்கள், ஏழைகளுக்கான படுக்கைகள், குடும்பத்தோடு பேசும் முறை எல்லாம் கைவரும். மகாராஷ்டிராவில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். இது தெரியாமல் தாலியை அடகு வைத்துவிட்டு வருகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தகவல் சரியான நேரத்தில் போய்ச் சேர்வது பிள்ளைக்குச் செய்யும் வைத்தியம்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு பிள்ளையின் பெற்றோரோடு பேசக் கற்றுக்கொடுக்கும், பிள்ளையோடு பேச அவ்வளவாகக் கற்றுக்கொடுக்காது. என் முதல் வருடத்தில் ஓர் ஆறு வயதுப் பையனிடம் முதுகு ஊசிக்கு முன்னால் "வலிக்காதுடா தம்பி" என்று சொன்னேன். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஊசி முடிந்தபின் அவன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆறு மாதமும் நான் வார்டில் நுழைந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். பொய் சொல்லக் கூடாது என்பது சைல்ட் லைஃப் பயிற்சியில் ஆரம்பப் பாடம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவன் முதுகு. அதுவும் போக, ஒரு பணியாளர் தலையில் அத்தனை கேஸ் பேப்பர் விழும் இடத்தில், பொம்மையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் கவுன்ட்டரில் இரண்டு அப்பாக்கள் காத்திருப்பார்கள். இந்த இழுபறி இந்த வேலையோடு கூடவே வரும்.

உளவியலும் மற்றவையும்

உளவியல் பட்டம் கையில் இருக்கிறதே, அதிலேயே மேலே போகலாமே என்றாள். போகலாம். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக எம்.ஏ.வோடு முடியாது. அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில்., பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்பதுதான் இதுவரை இருந்த வழி. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற மனநல நிறுவனங்களில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்ட யு.ஜி.சி., இந்தப் படிப்புக்கும் மனநல சமூகப்பணி எம்.ஃபிலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன், இப்போது எந்தப் படிப்புக்குக் கவுன்சில் பதிவு கிடைக்கிறது என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிடு என்றேன். வேலையின் தன்மையும் வேறு. வார்டில் யாராவது அனுப்பினால் வந்து பார்ப்பார், மதிப்பிடுவார், சிகிச்சை கொடுப்பார், போவார். ஊசி இறங்கும் நிமிடத்தில் தலைமாட்டில் நிற்பது பெரும்பாலும் அவர் வேலையாக இருக்காது. ஆழம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. பக்கத்தில் இருக்க வேண்டும் என்றவளுக்கு இல்லை.

மனித வளர்ச்சியியலை ஏன் யாரும் நினைப்பதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் நிர்மலா நிகேதன் மனையியல் கல்லூரியிலும் இது இருக்கிறது. எந்த வயதில் பிள்ளைக்கு எது புரியும் என்று இதைப் படித்தவர்களுக்குத் தெரிவதுபோல் எனக்குத் தெரியாது. நாலு வயதுக் குழந்தை சாவைத் திரும்பி வரக்கூடிய பயணம் போல நினைக்கும். "தாத்தா தூங்கிட்டாரு" என்று சொல்லிவைத்தால் அது மயக்க மருந்துக்குத் தூங்கவே பயப்படும். இதையெல்லாம் முறையாகப் படித்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மருத்துவமனையில் பதவி குறைவு. பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் உள்ளே வர முடியும். சம்பளமும் நிதி வரும் வரைதான்.

அன்றாடச் செயல்களைப் பழக்கிக் கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபி வேறு பாதை. அதற்குப் பன்னிரண்டாவதில் அறிவியல் எடுத்திருக்க வேண்டும். இவளுக்கு அது கடந்துபோன காலம்.

அவளுக்கு என்ன சொன்னேன்

டிஸ் சேர்க்கைக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுது. சமூகப்பணி எடு. களப்பணிக்குக் குழந்தைகள் வார்டு கேள். அந்த இரண்டு வருடத்துக்குள் விளையாட்டு வழியாகப் பிள்ளைகளைத் தயார் செய்வதைத் தனியாகக் கற்றுக்கொள். சைல்ட் லைஃப் பாடங்களில் சிலவற்றை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையம் வழியாகவே நடத்துகின்றன. கையில் வேலை வந்தபின் ஒவ்வொன்றாக எடுக்கலாம். பணம் மட்டும் தடை இல்லை என்றிருந்தால் வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

மராத்தியை இப்போதே ஆரம்பி என்றும் சொன்னேன். மாநகராட்சி மருத்துவமனை வேலைக்கு அது இல்லாமல் முடியாது. தமிழ் தனியாக உதவும். டாக்டர் இந்தியில் சொல்லிவிட்டுப் போனதும், தாராவி அம்மா நம் முகத்தைப் பார்த்து "என்ன சொல்றாருக்கா?" என்று கேட்பார் பாருங்கள், அந்த இடத்தில் நம் ஆள் ஒருவர் நிற்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பலம்.

"முதல்ல ஒரு நாள் வார்டைப் பார்க்கலாமா அக்கா?" என்றாள். தன்னார்வலர்களுக்கான அனுமதிக் கடிதத்தைக் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை முதுகு ஊசி நாள். அன்றைக்கே வரட்டும்.