உயிர்ச் சிப்பிப் பொதியும் உறையில் இருந்த ஒரு வரியும்

சென்னையில் இணையவழியாக மீன் விற்கும் கடை ஒன்றிலிருந்து, ‘சுத்திகரிக்கப்பட்ட உயிர்ச் சிப்பி’ என்ற பெயரில் வரும் அரைக் கிலோப் பொதியை இரண்டு மாதங்களில் மூன்று முறை வாங்கிவிட்டேன். கேரளத்தில் கல்லுமக்காய் என்று சொல்லப்படும் பச்சைச் சிப்பிதான் அது. ஓடுகள் நன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தன. தட்டினால் உடனே வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு உயிர்ப்போடு இருந்தன. வெந்த சதையில் ஒரு மணல் துகள்கூடப் பல்லில் அகப்படவில்லை. பனிக்கட்டியைச் சிப்பியின் மேல் கொட்டாமல் தனிப்பையில் அடைத்து, இடையே ஈரத்துணி வைத்து அனுப்பியதும் சரியான முறையே, ஏனெனில் உருகிய நன்னீரில் ஊறினால் கடற்சிப்பி செத்துவிடும்.

என் மனக்குறை உறையில் அச்சிட்டிருந்த ஒரு வரியைப் பற்றியது: ‘24 மணி நேரத் தொட்டிச் சுத்திகரிப்பு, கிருமியும் கன உலோகமும் அற்றது.’ கிருமியைப் பற்றிய பாதியை ஏற்கலாம். சிப்பி மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டி உண்ணும் உயிரி. புற ஊதா ஒளியால் கிருமி நீக்கிய கடல்நீரில் ஓரிரு நாள் விட்டால், குடலில் உள்ள மணலும் பாக்டீரியாவும் பெருமளவு கழிவோடு வெளியேறிவிடும். பிரிட்டனில் இதற்கு 42 மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். ஆனால் கன உலோகமான காட்மியம் அப்படிப்பட்ட அழுக்கு அன்று. அது செரிமானச் சுரப்பியின் செல்களுக்குள் புகுந்து, உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் புரதங்களோடு பிணைந்து கிடப்பதால், தூய நீரில் விட்டாலும் வாரக்கணக்கில், பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் குறையும். வேகவைப்பதாலும் அது அழியாது.

கடைக்கு எழுதி ஆய்வகச் சான்று கேட்டேன். மறுநாளே அனுப்பினார்கள், அந்த மரியாதையைக் குறிப்பிட்டாக வேண்டும். அதில் இ.கோலை, சால்மோனெல்லா என்ற பாக்டீரியாக்களுக்கான சோதனைகளின் முடிவுகள் இருந்தன. ஈயம், காட்மியம் என்ற சொற்களே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் சிப்பிச் சதையில் கிலோவுக்குக் காட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கன உலோகம் அற்றது என்று அச்சிடுபவர் குறைந்தது இந்த இரண்டையாவது அளந்திருக்க வேண்டும்.

எங்கே எடுத்த சிப்பி என்று கேட்டதற்கு, ‘கடலில்தான்’ என்று பதில் வந்தது. உண்மையில் எல்லாம் தங்கியிருப்பது இந்தக் கேள்வியில்தான். அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகக் கலந்துவரும் எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பியை ஒருநாள் தொட்டியில் வைத்து, ஆலைக்கழிவு சேராத கரையில் எடுத்த சிப்பிக்கு இணையாக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில், ஹோபார்ட் துத்தநாக ஆலையால் மாசடைந்த டெர்வென்ட் கழிமுகத்துச் சிப்பிகளை உண்ணவே வேண்டாம் என்றுதான் மக்களுக்கு அறிவுறுத்துகிறார்கள்.

வாங்குபவர் கையில் சிறிதளவு வழி இருக்கிறது. என் மாமியார் கசப்புக்கும் மணலுக்கும் பயந்து, அவித்த சிப்பியின் கரும்பழுப்புச் சுரப்பியை எப்போதும் கிள்ளி எறிவார். காட்மியம் அதிகம் சேரும் பகுதியும் அதுவே. அவித்த நீரைக் குழம்பில் சேர்ப்பதையும் நான் விட்டுவிட்டேன், சுவை சற்றுக் குறைந்தாலும்.

சுவைக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நான்கு தருகிறேன். உறையின் அந்த வரிக்கு ஒன்றுமில்லை. எடுத்த இடத்தையும் உலோக அளவையும் அச்சிட்டு விற்கும் நாளில் நான்காவது பொதியை வாங்குவேன்.