மூன்று குறிபார்க்கும் திசைகாட்டிகள்: பார்த்த எண் வரைபடம்வரை போய்ச் சேருகிறதா?

குறிபார்க்கும் திசைகாட்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அதில் எத்தனை டிகிரிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு டிகிரி பிழை ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17.5 மீட்டர் விலகலாகிவிடும் என்ற கணக்கு மனத்தில் நின்றதால், கோடுகள் எவ்வளவு நெருக்கமோ கருவி அவ்வளவு நல்லது என்று நம்பிவிட்டேன். சூன்டோ எம்சி-2, கமெங்கா 3ஹெச், சூன்டோ கேபி-14 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்தது. படித்த எண் சிதையாமல் வரைபடத்துக்கு வந்து சேருகிறதா என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

சாதாரணத் திசைகாட்டியை இடுப்பளவில் பிடித்து இலக்கையும் முள்ளையும் மாறி மாறிப் பார்க்கும்போது, தலை குனிந்து நிமிர்வதற்குள் கை சற்றே திரும்பிவிடுகிறது. இலக்கும் அளவும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்படி செய்வதே குறிபார்க்கும் கருவியின் வேலை. அதை மூன்றும் மூன்று வழிகளில் செய்கின்றன.

எம்சி-2 ஒளி ஊடுருவும் அடித்தட்டும் உள்பக்கம் கண்ணாடி பதித்த மூடியும் கொண்டது. மூடியைப் பாதியளவு திறந்து கண்மட்டத்தில் பிடித்து, மூடியின் பிளவில் இலக்கை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முள்ளோடு வடக்குக் குறி பொருந்தும்வரை, முள்ளைச் சுற்றியிருக்கும் டிகிரி வளையத்தைத் திருப்ப வேண்டும். இதில் புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. கண்ணாடியில் கீறியிருக்கும் நடுக்கோடு, பிரதிபலிப்பில் முள்ளின் அச்சுப்புள்ளிக்கு நேராக ஓட வேண்டும். அது சற்றே விலகியிருந்தால், கருவியைக் கோணலாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். இதைக் கவனிக்காத வரை எனக்கு ஒரே கோபுரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணைத் தந்தது. கவனிக்கத் தொடங்கியதும், இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட அந்த வளையத்தில் அடுத்தடுத்த அளவுகள் ஒரு கோட்டு இடைவெளிக்குள் அடங்கின. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று படித்தோமே, அதன் நெருங்கிய உறவுதான் இது.

அளவெடுத்த பின் எண்ணை மனத்தில் வைத்திருக்கவே தேவையில்லை என்பது இதன் பெரும் நன்மை. திருப்பிய வளையம் அப்படியே நிற்கிறது. அடித்தட்டின் விளிம்பை வரைபடத்தில் அந்த இலக்கின் மேல் வைத்து, வளையத்துக்குள் இருக்கும் இணைகோடுகள் வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாகும்வரை தட்டு முழுவதையும் திருப்பினால், நாம் நிற்கும் இடம் அந்த விளிம்பின் நீட்சியில் எங்கோ இருக்கிறது. முதல் இலக்குக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் உள்ள இன்னோர் இலக்குக்கும் இதையே செய்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே நமது இடம். காந்த ஒதுக்கத்தையும், அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இடையிலான கோணத்தையும், ஒரு சிறு திருகால் முன்கூட்டியே அமைத்துவிடலாம்; மழையில் நனைந்துகொண்டே கூட்டுவதா கழிப்பதா என்று குழம்ப வேண்டியதில்லை. பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஒதுக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆண்டுதோறும் மாறுவது.

கமெங்கா 3ஹெச் அமெரிக்க ராணுவத்தின் லென்சாட்டிக் வகை. மூடியின் நடுவே மெல்லிய கம்பி, பின்னால் சிறு லென்ஸ். கம்பியை இலக்கின் மேல் நிறுத்திவிட்டு, கண்ணைச் சற்றே தாழ்த்தினால் லென்ஸ் வழியே எண் தெரிகிறது. முள்ளுக்குப் பதில் வட்டமே சுழல்கிறது. அதில் வெளிவட்டம் மில் (ராணுவத்தினர் பயன்படுத்தும் சிறு கோண அலகு) அளவு, உள்வட்டம் டிகிரி. ஒரு வட்டத்துக்கு 6400 மில் என்பதால், ஒரு மில் பிழை ஒரு கிலோமீட்டரில் சுமார் ஒரு மீட்டர்தான். அசைவைத் தணிக்க இதில் திரவம் இல்லை, மின்காந்தத் தூண்டலே அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே குமிழி தோன்றும் பேச்சுக்கே இடமில்லை. டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனால் ஒளிரும் புள்ளிகள் டார்ச் காட்டாமலேயே இருட்டில் ஒளிர்கின்றன. டிரிடியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள் என்பதால் ஒளி மெல்ல மங்கும். உறுதியில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஒதுக்கத்தை இதில் அமைக்க முடியாது, படித்த எண்ணை வரைபடத்துக்குக் கொண்டுபோகத் தனியாகப் பாகைமானி வேண்டும். 217 என்று படித்து, ஒதுக்கத்தைக் கணக்கிட்டு, பாகைமானியை வைப்பதற்குள் 271 என்று குறித்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்தச் சிறு லென்ஸ் தொல்லையாகவும் இருக்கலாம்.

இதே உருவத்தில் மலிவான போலிகள் நிறையக் கிடைக்கின்றன. நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். ஒரே மரத்தை நோக்கி மூன்று முறை திறந்து மூடியதில், வட்டம் மூன்று இடங்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் தட்டினால்தான் நகர்ந்தது.

கேபி-14 அலுமினிய உடலுக்குள் அடங்கிய சிறு கருவி. ஒரு கண் உள்ளே சுழலும் அளவையும் மறு கண் இலக்கையும் பார்க்க, மூளை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைக்கிறது. அரை டிகிரிவரை நிதானமாகப் படிக்கலாம் என்பதால் வனத்துறையினரும் குகைகளை அளப்பவர்களும் இவ்வகையை விரும்புகிறார்கள். ஆனால் சிலருக்கு இரு கண்களின் பார்வையும் சற்றே விலகியிருக்கும். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது எண் மாறுகிறதா என்று சோதித்துக்கொள்வது அவசியம். எனக்கு எண் மாறிக்கொண்டே இருந்தது. கண்ணில் குறை என்று நினைத்து மருத்துவரைப் பார்க்கவும் முடிவு செய்திருந்தேன். கடைசியில் பார்த்தால், காரணம் என் மூக்குக்கண்ணாடியின் எஃகுச் சட்டம்! கருவியை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதால் எஃகுச் சட்டம் உள்ளே சுழலும் அளவை இழுத்திருக்கிறது. பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாறியதும் அளவு நிலைத்தது. கைபேசிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதன் ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தமே போதும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் கிடைமட்டமாக இருப்பதில்லை. துருவங்களை நெருங்க நெருங்க அது செங்குத்தாகச் சரிகிறது. எனவே ஒரு மண்டலத்துக்கெனச் சமன் செய்த முள், தொலைதூர மண்டலத்தில் ஒரு முனை தாழ்ந்து உறையில் உரசும். எம்சி-2இன் உலகளாவிய முள் கொண்ட வகை இதைத் தாங்கும். ஒரே நாட்டுக்குள் நடப்பவர்கள் தங்கள் மண்டலத்துக்கு உரியதை வாங்கினால் போதும்.

புதிய கருவியைச் சோதிக்க நான் செய்வது இதுதான்: திறந்த வெளியில் இரு இடங்களைத் தேர்ந்து, முதலிடத்திலிருந்து இரண்டாவதையும், அங்கே போய் முதலிடத்தையும் அளப்பேன். இரண்டுக்கும் இடையே 180 டிகிரி வர வேண்டும். வராவிட்டால், அருகே இரும்பு இருக்கிறதா என்று பார்த்து வேறிடத்தில் மீண்டும் செய்து, அப்போதும் வராவிட்டால் கருவியைத் திருப்பித் தந்துவிடுவேன்.

என் பையில் இப்போது இருப்பது எம்சி-2. இரவில் நடப்பவர்களும் முரட்டுத்தனமாகக் கையாள்பவர்களும் 3ஹெச்சை எடுத்துக்கொள்ளலாம், பாகைமானியை மறக்காமல். கேபி-14 நில அளவைக்கு அருமையான கருவி, நடைப்பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.