சிறுநீரக ஜீன் பேனல் பரிசோதனை: கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

சிறுநீரக நோயோடு தொடர்புடைய பல மரபணுக்களை ஒரே முறையில் சோதிப்பதுதான் சிறுநீரக ஜீன் பேனல். அதன் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதல் பக்கத்துப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள்: பாசிட்டிவா, நெகட்டிவா? ஆனால் பரிசோதனையின் தரத்தைக் காட்டுவது கடைசிப் பக்கம். எந்த முறையில் வாசித்தார்கள், எந்தப் பகுதியை வாசிக்க முடியவில்லை என்பதெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கமே இல்லாத அறிக்கையை நம்ப வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். டிஎன்ஏவில் முன்பே குறித்துவைத்த சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்ப்பது சிப் பரிசோதனை. மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசிப்பது சீக்வென்சிங். சிப் தரும் "சிறுநீரக அபாய மதிப்பெண்" தனிமனிதருக்குப் பெரிதாக உதவாது. 2019இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து, சிறுநீரக வடிகட்டும் திறனோடு தொடர்புடைய 264 மரபணு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அத்தனையும் சேர்ந்தே, மனிதருக்கு மனிதர் அந்தத் திறன் வேறுபடுவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. ஒரு குடும்பத்தில் மட்டும் ஓடும் அரிய மாற்றமோ சிப்பின் கண்ணில் படவே படாது. எனவே இனிச் சொல்வதெல்லாம் சீக்வென்சிங் பேனலைப் பற்றி.

மாதிரி எடுப்பது எளிது, கெடுப்பதும் எளிது. உமிழ்நீர்க் குழாய் என்றால் 30 நிமிடம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், புகை, சூயிங்கம் எதுவும் கூடாது. வழக்கமான குழாயில் கோடு வரை சுமார் 2 மில்லி வேண்டும். நுரை கணக்கில் சேராது. பலர் நுரையைக் கோடு வரை நிரப்பி அனுப்பிவிட்டு, டிஎன்ஏ போதவில்லை என்று இரண்டாவது குழாய் வரும்போது வியக்கிறார்கள். மூடியில் இருக்கும் பாதுகாப்புத் திரவம் முழுதாக இறங்கிய பிறகு குழாயை நன்றாகக் குலுக்க வேண்டும். ரத்தம் கொடுப்பதானால் ஊதா மூடிக் குழாய், அதாவது ஈடிடிஏ. பச்சை மூடிக் குழாயில் உள்ள ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். வேறொருவரின் எலும்பு மஜ்ஜை பொருத்தப்பட்டவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏ, உமிழ்நீரிலும் அது கலந்திருக்கும். தோல் செல்களை வளர்த்து எடுப்பதே அவருக்குச் சரி. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

பேனல் உண்மையில் ஜெயிக்கும் இடங்கள் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 3,315 நோயாளிகளின் மரபணுவை வாசித்தபோது, 9.3 சதவீதம் பேருக்கு நோய்க்கான காரணம் மரபணுவில் கிடைத்தது. பயாப்சியில் எஃப்எஸ்ஜிஎஸ் (சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழும் பாதிப்பு) என்று எழுதப்பட்ட சிலருக்குச் சிஓஎல்4ஏ3, 4, 5 ஆகிய கொலாஜன் மரபணுக்களில் கோளாறு தெரியவரும். அது ஆல்போர்ட் வகை நோய், அதாவது சிறுநீரக வடிகட்டியின் சவ்வைப் பாதிக்கும் பரம்பரை நோய். அப்போது ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளை வீணாகச் சுமக்க வேண்டியதில்லை. ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் டயாலிசிஸ் தள்ளிப்போகும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயில் வயதுக் கணக்கே மாறுகிறது. பிகேடி1 மரபணுவில் புரதம் பாதியில் அறுந்துபோகும் வகை மாற்றம் என்றால் சிறுநீரகம் செயலிழக்கும் சராசரி வயது 55ஐ ஒட்டி. பிகேடி2 என்றால் கிட்டத்தட்ட 80. ஒருவர் வாழ்க்கையைத் திட்டமிட இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது!

ஆனால் அதே பிகேடி1தான் மலிவான பேனல்களின் பலவீனமும். அந்த மரபணுவில் 46 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள். அவற்றில் முதல் 33ஐ அப்படியே நகலெடுத்தாற்போல ஆறு போலி மரபணுக்கள் அதே 16ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. துண்டு துண்டாக வாசிக்கும் கருவி, எந்தத் துண்டு அசல், எது போலி என்று தடுமாறும். அசல் மரபணுவை மட்டும் நீண்ட துண்டுகளாகப் பிரித்தெடுக்கும் நீள்தொலைவு பிசிஆர் அல்லது அதற்கு ஈடான தனி முறையைக் கையாள்கிறார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

மியூக்1 என்ற மரபணு இன்னும் மோசம். 60 எழுத்து வரி ஒன்று திரும்பத் திரும்ப அடுக்கி வரும் பகுதிக்குள் ஒரே ஒரு "சி" எழுத்து கூடுதலாகச் செருகியிருப்பதுதான் அங்கே நோய்க்கு வழக்கமான காரணம். சாதாரணச் சீக்வென்சிங்கில் அது தப்பிவிடும். பேனல் பட்டியலில் மியூக்1 பெயர் இருக்கும், வாசிப்பு இருக்காது. சிறுநீரில் புரதமோ ரத்தமோ இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் செயலிழக்கும் குடும்பம் இந்த "நெகட்டிவ்"வை ஏற்கவே கூடாது. மியூக்1க்கென்றே உள்ள தனிப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். என்பிஎச்பி1, எச்என்எஃப்1பி ஆகிய சிறுநீரக நோய் மரபணுக்களில் மரபணு முழுதாகவே விடுபட்டுப்போவது சகஜம். ஒரு மரபணுவுக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் பிரதி எண்ணிக்கை ஆய்வும் சேர்ந்திருந்தால்தான் அது தெரியும்.

ஏபிஓஎல்1 என்ற மரபணு பற்றிய பக்கத்தைப் பல அறிக்கைகள் மோசமாக எழுதுகின்றன. ஜி1, ஜி2 என்ற இரண்டு மாறுபாடுகளும் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலானவை. தூக்க நோய்க் கிருமிக்கு எதிரான பாதுகாப்பால் நிலைத்தவை. சிறுநீரகத் தொடர்பு 2010இல் தெரியவந்தது. அம்மா வழியாக ஒன்று, அப்பா வழியாக ஒன்று என இரண்டும் சேரும்போதுதான் அபாயம் கணிசமாக ஏறுகிறது. ஒன்று ஜி1, மற்றது ஜி2 என்றாலும் அது இரண்டுதான். அப்படி இரண்டு உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரக நோய் வருவதில்லை. சிகிச்சை பெறாத எச்ஐவி போன்ற இரண்டாவது அடி விழும்போது நிலைமை மாறுகிறது. ஒரே பிரதி இருப்பவருக்குத் தடித்த எழுத்தில் "பாசிட்டிவ்" என்று அச்சிட்டுப் பயமுறுத்துவது பொறுப்பற்ற செயல். நல்ல அறிக்கை அதே மரபணுவின் என்264கே என்ற மாறுபாட்டையும் பார்க்கும். ஜி2வோடு சேர்ந்து வந்தால் அது அபாயத்தை வெகுவாகத் தணிக்கிறது.

"400 மரபணு" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். எண்ணிக்கை கூடக்கூடப் பொருள் உறுதியாகாத, அதாவது நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாத மாறுபாடுகளும் கூடும். அவற்றை வைத்து மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ கூடாது. பெற்றோர் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களா, ஓரிரு ஆண்டு கழித்துப் புதிய தகவலோடு மறுபடி அலசுவார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று: பேனல் சிறுநீரகத்தை அளப்பதில்லை. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழ் இருக்கிறதா, சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்ற இரண்டும்தான் இன்றைய நிலையைச் சொல்லும். இவற்றைப் பார்க்காமல் நேரே பேனலுக்குப் போவது தலைகீழ் வரிசை.

குடும்பத்துக்குள்ளும் வரிசை முக்கியம். சிறுநீரகம் தர முன்வரும் தம்பியை முதலில் சோதித்து "நெகட்டிவ்" என்று வந்தால், அவர் தப்பித்தாரா, அல்லது பேனல் கோட்டைவிட்டதா என்று சொல்லவே முடியாது. நோயுள்ள அண்ணனை முதலில் சோதியுங்கள். அவரிடம் மாற்றம் கிடைத்தால், அதன் துல்லியமான பெயரைக் குறித்துக்கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் தம்பியிடம் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது வரும் நெகட்டிவுக்குத்தான் மதிப்பு. கொடையாளருக்கான மற்ற பரிசோதனைகள் அதற்குப் பிறகும் உண்டு.