டாட் புக்கா, நைணசியா, கோத்தாரியா: ராஜஸ்தானுக்கு எந்த புக்கை முதல்ல எடுக்கறது?

ராஜஸ்தான் பத்தி என்ன படிக்கலாம்னு யார் கேட்டாலும் ஜேம்ஸ் டாட் பேரைத்தான் முதல்ல சொல்றாங்க. எனக்கு அதுல வருத்தம் உண்டு. நான் ஒரு புக்கை எடை போடறதுக்கு பாபுஜியைத்தான் வெச்சுக்குவேன். மார்வார்ல, அதாவது ஜோத்பூர் சீமைல, கோலு கிராமத்து ராத்தோர் வீரர், ஒட்டகம் மேய்க்கிற ரேபாரிகளுக்கு சாமி. அவரை ஒரு புக் எப்படி நடத்துதுன்னு பாத்தா, சாதாரண ஜனங்களை அது எங்க உக்கார வெச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

டாட் 1818ல கிழக்கிந்தியக் கம்பெனியோட பொலிட்டிகல் ஏஜென்ட்டா வந்து 1822ல கிளம்பிட்டார். அவர் புக் 1829லயும் 1832லயும் ரெண்டு வால்யூமா வந்துச்சு. நடை அருமை, எடுத்தா கீழ வைக்க மனசு வராது, அதுதான் சிக்கலே, ஏன்னா அவர் பெரும்பாலும் கேட்டது அரசர்களைப் புகழ்ந்து பாடற சாரணர், பாட்ங்கற பாணர் சாதிக்காரங்களோட பாட்டு, அதை கிரேக்கக் கண்ணாடி போட்டுப் பாத்தார், ராணா பிரதாப் அக்பர் படையோட மோதின 1576 ஹல்திகாட்டி சண்டை அவருக்கு ஒரு தெர்மாப்பிலே, சின்னப் படை பெரும்படையை எதிர்த்து நின்ன கிரேக்க சண்டை. பத்மினி புருஷன் பீம்சிங்னு எழுதிட்டார், ஆனா 1303ல சித்தூர் ராஜா ரத்தன் சிங். பாபுஜியை மண்டோர்ல குதிரை மேல சிலையா பாக்கறார், படம் காட்டி இவர் கதையைப் பாடிட்டு ஊர் ஊரா போறவங்க உண்டுன்னும் எழுதறார், ஆனா அதோட நகர்ந்துடறார். அந்தப் பாட்டைக் கொஞ்சம் உக்காந்து கேட்டிருக்கலாமேன்னு இருக்கும்.

டாடுக்கு 150 வருஷம் முன்னாடியே முஹணோத் நைணசி இருந்தார். ஜோத்பூர் ஜஸ்வந்த் சிங்கோட திவான், 1670ல காவல்ல இருந்தப்ப தற்கொலை பண்ணிக்கிட்டார். அவரோட 'க்யாத்'ங்கற வரலாற்றுத் தொகுப்புல பாபுஜி கதை இருக்கு, ஒட்டகத்தை சிந்து பக்கத்து தோதோ சூம்ராகிட்ட இருந்து ஓட்டிட்டு வர்றார். இன்னொரு புக் 'விகத்', பர்கனா (வட்டாரம்) பர்கனாவா, கிராமம் கிராமமா மார்வார் கணக்கு. கதை வாசிக்கிற மாதிரி ஓடாது, தேவைப்பட்ட எடத்தைப் புரட்டிக்கலாம்.

இதே ஒட்டகக் கதையை போபா வாயால, அதாவது படத் துணியைக் காட்டி பாபுஜி கதை பாடற பூசாரி வாயால, கேக்கணும்னா ஜான் டி. ஸ்மித் 1991ல கொண்டு வந்த 'தி எபிக் ஆஃப் பாபுஜி' இருக்கு. அங்க ஒட்டகம் சிந்துல இல்ல, இலங்கைல, ராவணன்கிட்ட! பாடறவர் கையில இருக்கற வாத்தியம் பேரும் ராவணஹத்தா. நைணசி சொன்ன சிந்து நிஜத்துக்குக் கிட்ட இருக்கும்னு தோணும், ஆனா ராத்திரி முழுக்க படத் துணிக்கு முன்னாடி உக்கார்ற ஜனங்களுக்கு இலங்கைதான் உண்மை, ரெண்டையும் சேத்துப் படிச்சாதான் ஒரு சண்டை எப்படி சாமி கதையா மாறுதுன்னு புரியும்.

ஆனா ஒண்ணே ஒண்ணு வாங்கறதுன்னா ருஸ்தம் பருச்சா 2003ல போட்ட 'ராஜஸ்தான்: ஆன் ஓரல் ஹிஸ்டரி'தான். நாட்டார் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரி கூட உக்காந்து பேசினதுதான் புக்கே. கோத்தாரி ராஜஸ்தானை ராஜாக்களை வெச்சுப் பிரிக்கவே இல்ல, கம்பு, சோளம், மக்காச்சோளம்னு ஜனங்க திங்கற தானியத்தை வெச்சு மூணாப் பிரிக்கறார். இதைப் படிச்சப்ப எனக்கு அந்த ஊரோட மேப்பே மாறிப் போச்சு. தண்ணி, பொம்மலாட்டம், சதிங்கற உடன்கட்டை, லங்கான்னு ஒரு பரம்பரைப் பாட்டுக்காரங்க எல்லாம் அதுல வரும்.

கோத்தாரியும், பிஜ்ஜின்னு எல்லாரும் கூப்பிடற எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் போருந்தா கிராமத்துல 1960ல ரூபாயன் சன்ஸ்தான்ங்கற நாட்டார் கலை ஆய்வு நிறுவனத்தை ஆரம்பிச்சவங்க. பிஜ்ஜியோட 'பாத்தாம் ரீ ஃபுல்வாரி' 14 வால்யூம், ஊர்க்கதைகளை ராஜஸ்தானிலயே திருப்பி எழுதினார், 1974ல சாகித்ய அகாடமி கெடச்சுது. சுத்தமான நாட்டார் பதிவு வேணும்ங்கறவங்களுக்கு இது சரி வராது, அவர் கை நல்லாவே பட்டிருக்கு, எனக்கு அது குறையாவே தெரியல. 'பஹேலி' படம் பாத்துட்டு அதோட மூலக்கதை 'துவிதா'வும் அப்படித்தான் முடியும்னு நெனச்சுடாதீங்க. ஒரு கல்யாணப் பொண்ணு மேல ஆசைப்பட்டு அவ புருஷன் வேஷத்துல வர்ற பேயோட கதை அது. படத்துல அந்தப் பேய், புருஷனோட ஒடம்புல பூந்து அவகூடயே இருந்துடும், பிஜ்ஜி கதைல பேயைத் தோல் பையில அடைச்சிடுவாங்க, அவ தன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கட்டி வெச்ச அதே புருஷன் கூடத்தான் வாழணும்.