சிவப்பு விளக்கு எரிந்தது, டிஸ்க்கில் எழுதியும்விட்டது

ரைட் பிளாக் டாக், அதாவது ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும், ஆனால் அதில் எதுவும் எழுதவிடாத பெட்டி, வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தம்பி தவறுதலாக ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டான். அப்பா இருந்தபோது எடுத்த படங்கள், வேறு நகல் கிடையாது. அழிந்ததை மீட்க வேண்டுமென்றால் அதற்கப்புறம் அந்த டிஸ்க்கில் எதுவுமே எழுதக் கூடாது. சும்மா செருகினாலே விண்டோஸ் தன் பாட்டுக்கு மறைவான ஃபோல்டர்களை உண்டாக்கும். அதனால் டிஸ்க்கை உடனே கழற்றி வைத்துவிட்டு, ரைட் பிளாக் வசதியுள்ள டாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். படிக்கும் கட்டளையை விட்டுவிட்டு எழுதும் கட்டளையை மறிப்பதுதான் அதன் வேலை.

டாக்கின் பின்னால் யுஎஸ்பி 2.0, அதைவிட வேகமான இ-சாட்டா என்று இரண்டு போர்ட். பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச். பூட்டுப் படம் இருக்கும் பக்கம் தள்ளினால் சிவப்பு விளக்கு எரியும். 'எல்லா போர்ட்டிலும் எழுதுவதைத் தடுக்கும்' என்றுதான் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். டிஸ்க் 1 டெராபைட். யுஎஸ்பி 2.0-வில் முழு நகல் எடுக்க எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும் என்பதால் இ-சாட்டாவில் மாட்டினேன்.

கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளைச் செருகி, ஆன் செய்தேன். இ-சாட்டாவில் வரும் டிஸ்க்கை விண்டோஸ் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்காகவே எடுத்துக்கொள்ளும். இந்த டிஸ்க்கோ முன்பு சரியாக மூடப்படாமல் கழற்றப்பட்டது. லாகின் திரை வருமுன்னே, டிரைவைச் சரிபார்க்கப் போகிறேன், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று நொடிகளை எண்ண ஆரம்பித்தது. என் கை கீபோர்டு வரை போனது. டாக்கைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டுதான் போட்டிருக்கிறதே, என்ன எழுதிவிட முடியும் என்று கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தால், ஃபவுண்ட்.000 என்று புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கும்போது கிடைக்கும் அநாதைத் துண்டுகளை விண்டோஸ் போட்டுவைக்கும் ஃபோல்டர் அது. வயிறு கலங்கிவிட்டது. விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அழிந்த கோப்பின் பதிவு இருந்த இடம் புதுக் கோப்புக்குப் போய்விடலாம். பதிவு போனால் பெயரும் போச்சு, படத்தின் துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விவரமும் போச்சு. மீட்பு மென்பொருள் தடவித் தடவி எடுத்ததில் நாற்பது சொச்சம் படங்கள் பாதியோடு நின்றுவிட்டன. ஒன்றில் அப்பாவின் நெற்றி வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

விற்றவரிடம் கேட்டேன். "லைட் எரியுதுல்ல சார், அப்போ வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்" என்றார். ஃபவுண்ட் ஃபோல்டர் எப்படி வந்தது என்றதற்கு, "அது கம்ப்யூட்டர் மெமரியில இருக்கிறது, கழற்றி மாட்டினா போயிடும்" என்றார். சில ரைட் பிளாக்கர்களில் அப்படி நடப்பது உண்டுதான். எழுதியதாக நடித்து விழுங்கிவிடும், கோப்பு இருப்பதுபோலவே தெரியும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி மாட்டினால் காணாமல் போயிருக்கும். என் டிஸ்க்கில் போகவில்லை.

சரி, ஆதாரத்தோடு பேசுவோம் என்று, தேவையில்லாத ஒரு பழைய டிஸ்க்கை எடுத்தேன். செருகிய டிஸ்க்கைத் தானாகத் திறக்காதபடி (மவுன்ட் செய்யாதபடி) அமைத்த லினக்ஸில் முழு டிஸ்க்குக்கும் ஷா-256 ஹாஷ் (உள்ளே ஒரு பிட் மாறினாலும் முழுக்க மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து, பின்பு டாக் வழியாக விண்டோஸில் இரண்டு நிமிடம் மாட்டி, திரும்பவும் ஹாஷ் எடுத்தேன். யுஎஸ்பியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இ-சாட்டாவில் ஹாஷ் முழுக்க வேறு.

இரண்டு முடிவுகளையும் விற்றவருக்கு அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது. பூட்டு யுஎஸ்பி சிப்பில் மட்டுமாம், இ-சாட்டா நேராக டிஸ்க்குக்கே போகிறதாம். விளக்கு ஸ்விட்சுக்கு மட்டும்தான் எரிகிறது. பெட்டியில் வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிட்டது என்று பணமும் தரவில்லை. இன்று காலை பார்த்தேன், 'எல்லா போர்ட்டிலும்' என்ற வரி அப்படியே இருக்கிறது.

இப்படி இரண்டு போர்ட் உள்ள டாக் உங்களிடம் இருந்தால், முக்கியமான டிஸ்க்கை வைக்குமுன் ஒரு பழைய டிஸ்க்கை வைத்து ஒவ்வொரு போர்ட்டிலும் தனித்தனியாக ஹாஷ் எடுத்துப் பாருங்கள். அதுவரை இ-சாட்டா கேபிளைக் கழற்றியே வையுங்கள்.