ஆறு ஸ்பீக்கரும் கத்தினா அது 5.1 இல்லைங்க: 3,800 விட்டவன் எழுதறேன்

இன்னும் ஆத்திரம் அடங்கலை. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. லேப்டாப்பை ஹோம் தியேட்டரோட சேர்த்து 5.1 சரவுண்டுல (அஞ்சு ஸ்பீக்கர், கூட அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சத்தம்) படம் பார்க்கணும்னு ஆசைப்படறவங்க இதைப் படிச்சிட்டுக் கடைக்குப் போங்க. எதை வாங்கணும், எதைத் தொடவே கூடாதுன்னு கடைசில வரிசையாச் சொல்றேன்.

என்னோடது பழைய ஹோம் தியேட்டர். அதுல படமும் சத்தமும் ஒரே ஒயர்ல போற ஹெச்டிஎம்ஐ ஒண்ணு இருக்கு, ஆனா டிவிக்குப் போற 'அவுட்' மட்டும்தான். லேப்டாப்புல இருந்து எதையும் உள்ளே வாங்காது. பின்பக்கம் ஆறு ஆர்சிஏ ஓட்டை (பழைய டிவிடி பிளேயர்ல சிவப்பு, வெள்ளை ஒயர் மாட்டுவோமே, அந்த வகை): ஃபிரன்ட் ரெண்டு, ரியர் ரெண்டு, சென்டர், சப்வூஃபர். இந்த ஆறுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல என்ன போடணும்னு தெரியாமதான் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள்ள காலை வெச்சேன்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டை எடுத்தார். மேல கொட்டை எழுத்துல 7.1னு அச்சடிச்சிருந்தது. அதுல ஹெட்ஃபோனுக்கு ஒரு ஓட்டை, மைக்குக்கு ஒரு ஓட்டை. கூடவே ஒரு முனையில ஒரு பின், மறுமுனையில ஆறு ஆர்சிஏ இருக்கற ஒரு கேபிள். "உங்களுக்கு 5.1தான் வேணும், இது 7.1 சார்"னார். கடை செட்டுலயே மாட்டி ஒரு பாட்டைப் போட்டார். "கண்ணை மூடிக் கேளுங்க சார்." மூடினேன். அந்த இடத்துலதான் விழுந்தேன். சுத்திச் சுத்திப் பாட்டு! "சரியா வரலைன்னா நாளைக்கே கொண்டாந்து என் மூஞ்சில வீசுங்க"ன்னு வேற சொன்னார். இப்படிப் பேசற ஆளை எப்படிச் சந்தேகப்படறது? பில் கேட்டேன். "நம்ம கடைதானே சார், எதுக்கு?" அதையும் நம்பி 3,800 எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்.

ராத்திரி படம் போட்டா, ஹீரோ திரையில பேசறான், குரல் என் முதுகுக்குப் பின்னாடியும் அதே சத்தத்துல கேட்குது. பின்னாடி வர வேண்டிய மழைச்சத்தம் முன்னாடியும் கொட்டுது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில 'கன்ஃபிகர்' திறந்தேன். உண்மையான 5.1 கார்டா இருந்தா அங்க 5.1னு ஒரு வரி வரணும். எனக்கு வந்தது ஸ்டீரியோ மட்டும். இடது ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ணினா ஃபிரன்ட் இடது, ரியர் இடது, சென்டர் மூணும் ஒண்ணா அலறுது. வலதுக்கு மீதி மூணு. வேற ஒண்ணுமில்லை, அந்தக் கேபிள் ரெண்டு சேனலை, அதாவது இடது, வலதுன்னு ரெண்டே ரெண்டு தனிச் சத்தத்தை எடுத்து மும்மூணு காப்பி போடுது. சென்டர்ல வெறும் இடது பாதிதான் வருது! கடையில கண்ணை மூடிக் கேட்டதும் இதே காப்பிதான். நான்தான் அதை சரவுண்டுன்னு நினைச்சு மெய்சிலிர்த்திருக்கேன்.

மறுநாள் போன் பண்ணினேன். "டிரைவர் போடுங்க சார்." போட்டேன். "படம் 5.1ல இல்ல போல." இருக்கு சார், ஃபைல்ல ஆறு சேனல் இருக்குன்னேன். "அப்ப உங்க செட் பழசு." நேர்ல போனா, கண்ணை மூடச் சொன்ன அதே மனுஷன் கண்ணை நிமிர்த்தாம, "சீல் உடைச்ச ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, பில் இருக்கா?"ன்னு கேட்கிறார். பில்! வாட்ஸ்அப்ல டெஸ்ட் பண்ணின வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. 3,800 போச்சு. 3,800க்கு ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் மூணு முழம் ஒயரும்.

சொன்னபடி வரிசையா எழுத இப்பப் பொறுமை இல்லை. அவசரமா நாலு விஷயம். ஹெட்ஃபோன் ஓட்டை ஒண்ணுல இருந்து ரெண்டு சேனலுக்கு மேல வராது, எத்தனை முனை கேபிள் மாட்டினாலும் சரி. என் மாதிரி ஆறு ஆர்சிஏ செட்டுக்கு யுஎஸ்பி கார்டுல ஃபிரன்ட், ரியர், சென்டர்-சப்னு மூணு தனித்தனி அவுட் இருக்கணும் (ஒண்ணுக்கு ரெண்டு சேனல்), அட்டையில என்ன நம்பர் போட்டிருந்தாலும் ஓட்டையை எண்ணுங்க. உங்க செட்டுல ஹெச்டிஎம்ஐ 'இன்' இருந்தா வேற எதுவுமே வாங்காதீங்க, ஒரு கேபிள் போதும். ஆப்டிகல்னு (சத்தத்தை வெளிச்சமா அனுப்பற கேபிள்) சொல்லி யாராவது தள்ளினா, அதுல 5.1 டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மாதிரி சுருக்கின வடிவத்துலதான் போகும், சுருக்காத ஆடியோன்னா ரெண்டு சேனல்தான்னு ஞாபகம் வெச்சுக்கங்க. அப்புறம் பாட்டைப் போட்டுக் காட்டறதை ஒத்துக்காதீங்க. ஸ்பீக்கர் டெஸ்ட்ல ரியர் இடதைத் தட்டச் சொல்லி, அது ஒண்ணு மட்டும் சத்தம் போடுதான்னு பார்த்துட்டுப் பர்ஸைத் திறங்க.

மீதியைத் திரும்பி வந்து எழுதறேன். லேப்டாப்பையும் அந்தக் கேபிளையும் எடுத்துக்கிட்டு இப்ப மறுபடியும் அந்தக் கடைக்குத்தான் கிளம்பறேன்.